அந்த அறையில் துடைப்பம் போடாதே

ஜனவரி 9

வாலுவின் அம்மாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று ஆரம்பித்தால், அதைக் கேட்க நீங்கள் யார் என்பாய். அதனால் அதைத் தாண்டி வருகிறேன். குடும்ப நீதிமன்றத்தில் நமக்கு ஆலோசனை சொல்லும் அம்மா கடைசியாகச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துறீங்க. குழந்தை விஷயம் மட்டும், பேப்பர்ல, மரியாதையா எழுதுங்க" என்றார். மரியாதையாக எழுதப் பார்க்கிறேன்.

வாலு அனுப்பிய போட்டோ வந்தது. விழுந்த பல் இருந்த இடத்தில் புதுசு எட்டிப் பார்க்கிறது. நீ எடுத்த படம் என்று உறையைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு கன்னத்துக்கு மட்டும் வெளிச்சம், மற்றதை நிழலில் விட்டிருக்கிறாய். ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் இன்னும் "ரெண்டு பக்கமும் தெரியணும்" என்று சண்டை போடுகிறார்களா?

அந்தப் படத்தில் அவள் வலது கண்ணில் ஒரு லென்ஸைச் செருகிக்கொண்டு கப்பல் கொள்ளைக்காரி மாதிரி நிற்கிறாள். அது என் பழைய லென்ஸ். கண்ணாடி டீத்தண்ணி நிறத்துக்குப் பழுத்துப்போனதே, அது. தயவுசெய்து அதை அவளிடமிருந்து வாங்கிவிடு. அந்தக் கண்ணாடியில் தோரியம் என்று ஒரு உலோகம் கலந்திருக்கிறது. கதிர்வீச்சு உள்ளது. பயப்படாதே. அந்தக் காலத்தில் லென்ஸ் செய்தவர்கள் தெரிந்தேதான் கலந்தார்கள். அது சேர்ந்தால் கண்ணாடி வெளிச்சத்தை நன்றாக வளைக்கும், ஓரத்தில் நிறம் பிசிறாது. கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதில் ஒரு தொல்லையும் இல்லை. கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் விளையாடக் கூடாது, அவ்வளவுதான். முன்கடை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடு.

இன்னொன்று. அவளுக்குப் பின்னால் பச்சைச் சுவர் தெரிகிறது. அது நம் பின்னறைதானே? கட்டிலை அங்கே மாற்றிவிட்டாயா? சும்மாதான் கேட்கிறேன்.

அவளுக்கு அப்பாவின் முத்தம். நீ கொடுக்கமாட்டாய் என்று தெரியும். எழுதி வைக்கிறேன்.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா


ஜனவரி 17

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் தனியாகப் படித்தேன். பிறகு என் தம்பியோடு உட்கார்ந்து படித்தேன். வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறவன் அல்லவா, மூன்றாவது பத்திக்கு வந்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். "அக்கா, இதை ஒரு காப்பி எடுத்து வை" என்றான். எடுத்து வைத்திருக்கிறேன்.

எனக்குப் புரியாததைக் கேட்கிறேன். அந்த லென்ஸ் நம் கல்யாணத்துக்கு முந்தியே உங்களிடம் இருந்தது. வாலு பிறந்த அன்று அவள் உள்ளங்காலைப் படம் எடுத்ததும் அதில்தான். அப்புறம் அவள் தொட்டிலுக்கு மேல் அலமாரியில்தான் கிடந்தது. அப்போதெல்லாம் கதிர்வீச்சு லீவில் போயிருந்ததா? வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் கழித்துத் திடீரென்று அக்கறை வருகிறதென்றால் ஒன்று அந்த லென்ஸைத் தேடி யாரோ உங்களிடம் வந்திருக்கிறார்கள், அல்லது நாளைக்கு ஜட்ஜ் முன்னால் "குழந்தை அம்மா வீட்டில் கதிர்வீச்சுக்கு நடுவில் வளர்கிறது" என்று சொல்ல இப்போதே தாள் சேர்க்கிறீர்கள். தம்பி இரண்டாவதுதான் என்கிறான். எனக்கு இரண்டுமே இருக்கும் என்று தோன்றுகிறது.

எதிர்வரிசை வெல்டிங் பட்டறைக்காரரிடம் விசாரித்தேன். காதில் செருகியிருந்த கம்பியை எடுத்துக் காட்டினார். நுனியில் சிவப்புப் பூச்சு. "இதுலயும் தோரியம் இருக்கும்மா. அது இருந்தாதான் நெருப்பு அலையாம நிக்கும், கம்பி உருகாது. வருஷக்கணக்கா காதுல வெச்சிருக்கேன், காது இருந்த இடத்துலயேதான் இருக்கு" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏமாந்தவள் மாதிரி நின்றேன்.

அப்புறம் அந்தச் "சும்மா". நீங்கள் சும்மா கேட்ட எதுவும் இதுவரைக்கும் சும்மா இருந்ததில்லை. ஆமாம், நவம்பரிலிருந்து வாலு பின்னறையில்தான் படுக்கிறாள். மேலறையை ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் உடை மாற்ற ஒதுக்கிவிட்டேன். அதில் உங்களுக்கு என்ன? லென்ஸ் ரிப்பேர் என்று நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கச் சாணை சுற்றிய அறை அது. நான் தட்டினால் "தூசி, உள்ளே வராதே" என்பீர்கள். தூசிக்கு எதற்குத் தாழ்ப்பாள் என்று அன்றைக்கே நினைத்தேன். அங்கே எதை வைத்துவிட்டுப் போனீர்கள்?

லென்ஸை அவளிடமிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். நீங்கள் சொன்னதற்காக அல்ல.

வாலுவின் அம்மா


ஜனவரி 28

வாலுவின் அம்மாவுக்கு,

லென்ஸை வாங்கி வைத்ததற்கு நன்றி. யாருக்காக என்றாலும் சரி.

கோர்ட்டுக்காக எழுதவில்லை. லென்ஸை நீயே வைத்துக்கொள். அதில் எடுத்த முகங்கள் எல்லாம் உன்னுடையவை. பழுப்பு நிறம் போக வேண்டுமென்றால் நல்ல வெயில் படுகிற ஜன்னலில் சில வாரம் வை, பெரும்பாலும் தெளிந்துவிடும். உள்ளே இருக்கும் கதிர்வீச்சு கண்ணாடியைப் பழுக்க வைக்கிறது, வெயில் அதைத் திருப்பி வெளுக்க வைக்கிறது. தோரியம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அது பாதியாகக் குறைய இந்தப் பூமியின் வயதைவிட அதிகக் காலம் ஆகுமாம். நம் வழக்குகூட அதற்குள் முடிந்துவிடும்.

வெல்டிங்காரர் சொன்னது பாதி சரி. அந்தக் காலத்து காஸ் விளக்கில் வெள்ளை வெளேரென்று எரியுமே ஒரு வலை, அதிலும் இதே தோரியம்தான். எவ்வளவு சூட்டையும் தாங்கும். அதன் கதிரில் பெரும்பகுதி ஒரு தாளைத் தாண்டாது, நம் தோலைத் தாண்டாது. கட்டியாக இருக்கிறவரை சாது. கம்பி காதில் இருக்கும்போது ஒன்றுமில்லை. முனையைக் கூராக்க அவர் சாணையில் பிடிக்கும்போது ஒரு பொடி பறக்கும் பார், அதைத்தான் பார்க்க வேண்டும். மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொல்.

பின்னறையில் நான் எதையும் ஒளித்து வைக்கவில்லை. ஆனாலும் கட்டிலை மேலே மாற்று. அந்தச் சுவர் ஈரம் குடிக்கிற சுவர், வாலுவுக்குச் சளி பிடிக்கும். தரையை நல்ல ஈரத்துணியால் துடை, துணியைத் தூக்கிப் போட்டுவிடு. அந்த அறையில் துடைப்பம் போடாதே. இதை மட்டும் கேள்.

அவளுக்கு இருமல் ஏதாவது உண்டா?

வருகிற மாத முதல் ஞாயிறு வாலுவைப் பார்க்க நான் வர முடியாது. இங்கே லென்ஸ் பட்டறையில் வேலை குவிந்துவிட்டது. செல்போனும் கீழே விழுந்து உடைந்துவிட்டது. வாலு பேச வேண்டுமென்றால் அடியில் எழுதியிருக்கும் எண்ணில் ஞாயிறு சாயங்காலம் கூப்பிடட்டும்.

வாலுவின் அப்பா


பிப்ரவரி 11

வாலுவின் அப்பாவுக்கு,

பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். வீட்டில் துடைப்பம் எங்கே இருக்கும் என்று கேட்டால் உங்களுக்குச் சொல்லத் தெரியாது. இன்றைக்கு ஈரத்துணியா, துடைப்பமா என்று எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

முதலில் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். நீங்கள் வரமாட்டீர்கள் என்று வாலுவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "அப்பா போன தடவையும் அப்படித்தான் சொல்லிட்டு வந்தாரு" என்றாள். அது போன தடவை அல்ல, அதற்கு முந்தின தடவை. போன தடவை நீங்கள் வரவே இல்லை. காலையிலேயே ஷூ மாட்டிக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். படம் எடுக்க வந்தவர்கள் எல்லாம் அவளைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். சாப்பிட வந்தவள் ஷூவோடு சாப்பிட்டாள். சாயங்காலம் உங்கள் எண்ணுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். எடுத்தது ஒரு பொம்பளை. வாலு பயந்து என் கையில் கொடுத்தாள். நான் பேசாமல் வைத்துவிட்டேன். இனி அந்த எண்ணுக்கு என் விரல் போகாது. வேலை குவிந்துவிட்டது என்று எழுதினீர்கள். எந்த வேலை என்று இப்போது தெரிகிறது.

இரண்டாவது, உங்கள் பின்னறை. உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாளே தம்பியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். கட்டிலை வெளியே எடுத்தோம். ஜன்னலுக்கடியில் இருந்த உங்கள் பெஞ்சைச் சுவரிலிருந்து பெயர்த்தோம். பணமோ, கடிதமோ, படமோ, எவளுடைய ஏதாவதோ இருக்கும் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. பெஞ்சுக்குப் பின்னால் பவுடர் மாதிரி சாம்பல் தூள் அப்பிக் கிடந்தது. ஒரு தகர டப்பாவில் கண்ணாடித் துண்டுகள். இதற்கா அத்தனை பீடிகை?

துடைப்பம் போட்டுத்தான் பெருக்கினேன். நீங்கள் போடாதே என்று சொன்னதாலேயே மூலை முடுக்கெல்லாம் நன்றாகப் போட்டேன். தூசி ஜன்னல் வரைக்கும் எழும்பியது. நானும் தம்பியும் தும்மினோம். வாலு வாசல்படியில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இருமல் இல்லை. எதற்காகக் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். சும்மா என்று மட்டும் எழுதாதீர்கள்.

வாலுவின் அம்மா


பிப்ரவரி 14
(கூரியரில்)

வாலுவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. உன் போனுக்கு மூன்று தடவை அடித்தேன், எடுக்கவில்லை. உன் தம்பிக்கு அடித்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டான். அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

பின்னறையைச் சாத்து. கதவிடுக்கில் ஈரத்துணியைச் சுருட்டி வை. யாரும் உள்ளே போகவேண்டாம். பெருக்கிய குப்பை வீட்டில் எங்கேயாவது இருந்தால் தொடாதே. அன்று போட்டிருந்த துணிகளைத் தனியாகத் துவை. வாலுவை இரண்டு நாள் உன் தம்பி வீட்டில் விடு.

உங்கள் ஊர் பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிற பிரிவு இருக்கிறது. அங்கே அளவு பார்க்கிறவர்கள் மீட்டர் வைத்திருப்பார்கள். அவர்களில் ஒருவரை எப்படியாவது வீட்டுக்குக் கூட்டி வா. பழைய லென்ஸ் கண்ணாடியை அரைத்த அறை என்று சொன்னால் போதும், மற்றதை அவர்களே உனக்குச் சொல்வார்கள். நான் சொன்னால் நீ நம்பமாட்டாய். நம்பும்படி நானும் நடந்துகொள்ளவில்லை.

கெஞ்சிக் கேட்கிறேன். இதையும் கோபத்தில் தலைகீழாகச் செய்துவிடாதே.

வாலுவின் அப்பா


பிப்ரவரி 25

வாலுவின் அப்பாவுக்கு,

தலைகீழாகச் செய்யவில்லை. சொன்னபடியே செய்தேன். அதனால் உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம்.

ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு அளவு பார்க்கிற அம்மா ஒருவர் என் வாடிக்கைக்காரிதான். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்து, தாடை இரண்டாகத் தெரிகிறது என்று மறுபடி மறுபடி எடுக்கச் சொன்னவர். என்னைவிடச் சந்தேகக்காரி. விஷயத்தைச் சொன்னதும் "யார் சொன்னது, ஏன் சொன்னாங்க, அவருக்கு எப்படித் தெரியும்?" என்று ஆரம்பித்துவிட்டார். மனசுக்கு இதமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு பெட்டியோடு வந்தார். முதலில் அலமாரியில் இருந்த லென்ஸிடம் மீட்டரைக் கொண்டுபோனார். பொரி வறுக்கிற மாதிரி பொரிந்தது. நான் இரண்டடி பின்னால் போனேன். அவர் ஒரு முழம் தள்ளிப் பிடித்தார், சத்தம் கிட்டத்தட்ட அடங்கிவிட்டது. "இது அலமாரியிலயே இருக்கட்டும். இது கூட சண்டை வேண்டாம்" என்றார். அப்படியென்றால் முதல் கடிதத்தில் நீங்கள் எழுதியது உண்மை. அதைக் குறித்துக்கொண்டேன்.

பிறகு முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு பின்னறைக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். கட்டில் கிடந்த பக்கம் மீட்டர் பேசவில்லை. நடுத்தரையிலும் இல்லை. பெஞ்சுக்குப் பின்னால், சுவரும் தரையும் சேருகிற கோட்டில், தரையை ஒட்டிப் பிடித்தபோது மெல்லப் பேச ஆரம்பித்தது. அவர் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க யாரும்மா கண்ணாடி அரைச்சது?"

என் வீட்டுக்காரர் என்றேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை வாயில் வந்தது. வேறு வார்த்தை அந்த நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

"தண்ணி ஊத்தி அரைச்சாரா, ஊத்தாமலா?"

ஊற்றாமல்தான் என்றேன். ஈரம் பட்டால் அந்தப் பழைய மோட்டார் ஷாக் அடிக்கும், நீங்கள் கையை உதறிக்கொண்டு வருவது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பக்கத்து மாடி வீட்டுக்காரர்கள் சத்தம் என்று சண்டைக்கு வந்ததால் ஜன்னலையும் சாத்திவைத்தீர்கள். ஒரு பெரிய பெட்டி நிறையப் பழைய லென்ஸ்கள் வாங்கி வந்து, ஓரத்தைத் தேய்த்துச் சின்னதாக்கி வேறு கேமராக்களுக்குப் பொருத்தினீர்களே, அந்த வருஷம் முழுக்க. இதையெல்லாம் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரத்தாளால் மூலையைத் துடைத்துத் துடைத்து அளந்தார். துடைத்ததையும் டப்பாவையும் பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனார். வாலுவைப் பற்றித் தனியாகக் கேட்டேன். "ஒரு தடவை பெருக்கினதுக்காகப் பயந்து சாக வேண்டாம். பாப்பா படுத்த பக்கம் சுத்தமா இருக்கு. ஒரு செக்கப் பண்ணிக்கலாம், உங்க மனசுக்காக" என்றார். பண்ணியாயிற்று. நானும் தம்பியும் வாலுவும் நன்றாக இருக்கிறோம்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் திரும்பிப் பார்த்துக் கேட்டதுதான் எனக்குள் நின்றுவிட்டது.

"இது மூக்கு வழியா உள்ள போனாத்தான் விவகாரம். உள்ள போனவர் அரைச்சவர்தான். தோரியத்தை விடுங்க, அவ்வளவு கண்ணாடித் தூளே நுரையீரலுக்கு ஆகாது. அவர் இப்ப எங்க இருக்கார்?"

தெரியாது என்றேன். ஊர் தெரியும், பட்டறை தெரியும். ஆனால் அவர் கேட்டது அது இல்லை என்று புரிந்தது.

அதனால் கேட்கிறேன். வாலுவுக்கு இருமல் உண்டா என்று எதற்குக் கேட்டீர்கள்? உங்களுக்கு இருக்கிறதா? இந்தத் தூள் விஷயம் உங்களுக்கு எப்போது தெரியும்? தெரிந்தும் ஏன் லென்ஸைச் சுற்றியே எழுதிக்கொண்டிருந்தீர்கள்? இந்த மூன்று கடிதத்திலும் உங்கள் கையெழுத்து போகப் போகக் கீழே சரிகிறது, மேஜையில் வைத்து எழுதினால் அப்படிச் சரியாது. போனை எடுத்த பெண் யார்?

மரியாதையாகத்தான் கேட்கிறேன்.

வாலுவின் அம்மா


மார்ச் 6

வாலுவின் அம்மாவுக்கு,

வாலு நன்றாக இருக்கிறாள் என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீ அதையும் நம்பமாட்டாய். ஆஸ்பத்திரி அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அடுத்த தடவை அவருக்கு ஒரே தாடையாக எடுத்துக் கொடு.

எப்போது தெரியும் என்று கேட்டாய். போன ஜூன் மாதம். இந்தப் பட்டறையில் சேர்ந்த முதல் வாரம் எல்லோரையும் உட்கார வைத்துப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்கள். பழைய கண்ணாடி எதுவானாலும் மீட்டரில் காட்டாமல் சாணைக்குப் போகக் கூடாது, எதையும் தண்ணீர் இல்லாமல் தேய்க்கக் கூடாது என்றார்கள். நான் கையைத் தூக்கி, தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். யாராவது அப்படிச் செய்வார்களா என்று வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சாயங்காலம் அறைக்கு வந்து உட்கார்ந்தபோது நம் பின்னறை கண் முன்னால் வந்தது.

அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். அறை பூட்டித்தான் இருக்கிறது, யாரும் அங்கே போவதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குக் கீழே இருந்த காரணம் வேறு. எழுதிக் கொடுத்தால் அதை உன் தம்பி கோர்ட்டில் வைப்பான், வீட்டிலேயே விஷத்தைப் பரப்பியவன் என்று சொல்லி எனக்கு இருக்கும் மாதத்தில் ஒரு ஞாயிறையும் பிடுங்கிக்கொள்வீர்கள் என்று பயந்தேன். வாலுவின் தலைக்குப் பின்னால் பச்சைச் சுவரைப் பார்த்த அன்றுதான் கை தானாக எழுதியது. அப்போதும் முழுசாக எழுத வரவில்லை. ஈரத்துணி, துடைப்பம் என்று சுற்றி வளைத்தேன். அதனால்தான் நீ துடைப்பத்தை எடுத்தாய்.

என்னைப் பற்றிக் கேட்டதற்கு: நல்லா இருக்கேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், கொஞ்சம் தூசி என்றார்கள், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போனை எடுத்தது ஆபீஸில் வேலை செய்யும் பெண். கையெழுத்து சரிவது என் பேனாவின் குற்றம்.

இன்னொரு விஷயம். வாலு உன்னோடு இருப்பதற்கு எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு என் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையையும் கேட்கவில்லை. வருகிறேன் என்று சொல்லி வராமல் போவதைவிட, வரமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருப்பது நல்லது. உன் தம்பியிடம் சொல், சந்தோஷப்படுவான்.

பின்னறைக்கு நல்ல வெள்ளை அடி. பச்சை உனக்கு எப்போதுமே பிடிக்காது.

வாலுவின் அப்பா


மார்ச் 12

வாலுவின் அப்பாவுக்கு,

தம்பி சந்தோஷப்படவில்லை. உங்கள் வக்கீல் அனுப்பிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஏதோ இருக்குக்கா. மனுஷன் ஒரு ஸ்பூனுக்குக்கூட சண்டை போட்டவர்" என்றான். முதல் தடவையாக அவன் சந்தேகமும் என் சந்தேகமும் ஒரே பக்கம் போயின.

நீங்கள் பயந்ததைப் பற்றி எழுதிவிடுகிறேன். அந்த ஜூனில் நீங்கள் எழுதியிருந்தால் நான் அதைக் கோர்ட்டில் காட்டியிருப்பேனா என்று யோசித்தேன். காட்டியிருப்பேன். உங்கள் ஜனவரிக் கடிதத்துக்கே காப்பி எடுத்து வைத்தவள் நான். அந்தக் காப்பியை நேற்று கிழித்துப்போட்டேன். அதற்காக நீங்கள் பேசாமல் இருந்தது சரியென்று ஆகாது. என் பிள்ளை அந்த அறையில் குளிர்காலம் முழுக்கப் படுத்திருந்தாள். அதை நான் மறக்கப் போவதில்லை. நீங்களும் மறக்கவேண்டாம்.

நேற்று சாயங்காலம் வாலு நடனப் பள்ளிக்குப் போயிருந்தபோது, விரல் போகாது என்று எழுதினேனே, அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். அதே பெண்தான் எடுத்தாள். ஆபீஸில் வேலை செய்யும் பெண்ணிடம் என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். எதையும் கேட்கும் முன்னால் அவள் கேட்டாள்.

"எந்த பெட்டும்மா?"

எண் தவறோ என்று போனைப் பார்த்தேன். அவள் பொறுமையாக மறுபடியும் கேட்டாள். லென்ஸ் ரிப்பேர் செய்கிறவர் என்றேன். "ஓ, ஜன்னலோர பெட்டா? தூங்குறாரு. பேசினா மூச்சு வாங்கும், எழுதித்தான் காட்டுவாரு. எல்லாருக்கும் ஏதாவது எழுதிக்கிட்டே இருப்பாரு. நீங்க அவருக்கு யாரு?" என்றாள்.

ஒரு மாதமாக அந்தப் பெண்ணுக்கு நான் வைத்திருந்த முகம் ஒன்று இருந்தது. நல்ல சிவப்பு, மூக்கு எடுப்பு, காதில் தொங்கட்டான். குரலைக் கேட்டால் பாவம், ஒரு நாள் முழுக்க நின்று களைத்த குரல். யார் என்று அவள் கேட்டதற்குக் குழந்தையோட அம்மா என்று சொல்ல வந்து, அவர் சம்சாரம் என்றேன். அவள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. பார்க்கும் நேரத்தைச் சொன்னாள். டிசம்பரிலிருந்து மூன்று தடவை அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்து போயிருக்கிறீர்களாம். கூட வந்து இருக்க ஆள் யாரும் இல்லையா என்று டாக்டர் கேட்டதற்கு, எல்லோரும் வெளிநாட்டில் என்று எழுதிக் காட்டினீர்களாம்.

எழுதினது போதும். பேப்பரில் நீங்கள் மரியாதையாக இருக்கிறீர்கள், மரியாதையாகப் பொய்யும் சொல்கிறீர்கள். ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் இன்று காலை போய்ச் சொல்லிவிட்டேன், எழுதுவதை நிறுத்துகிறோம், நேரில் பார்த்துக் கத்திக்கொள்கிறோம் என்று. அவர் சிரித்தார். ஜாக்கிரதையாகச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன், வாலுவும் வருகிறாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பேசினால் களைத்துப்போவார் என்று சொல்லியிருக்கிறேன். "அப்ப நான் பேசுறேன், அவரு கேக்கட்டும்" என்றாள். உங்கள் வக்கீல் அனுப்பிய தாள் என் பையில்தான் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடுவதா கிழிப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வீட்டுக்குத் திரும்பி வாருங்கள் என்று கூப்பிடவும் வரவில்லை. வந்து பார்க்கிறேன். டாக்டரிடம் நானே பேசுகிறேன், எக்ஸ்ரேவை நானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். மற்றது அப்புறம்.

நாங்கள் வரும்போது படுத்தே இருங்கள். எழுந்து நின்று தலை வாரிக்கொண்டு தெம்பாக இருக்கிற மாதிரி காட்ட வேண்டாம். நீங்கள் 'நல்லா இருக்கேன்' என்று எழுதிக் காட்டினால் நம்பாதீர்கள் என்று அந்த நர்ஸிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வாலுவின் அம்மா